படிக்கட்டில் பதினோரு ஆண்டு



அமெரிக்க அதிபர் டிரம்ப், 2025 சனவரி 20-ஆம் நாள், பதவியேற்ற அன்றைக்கே ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். அந்த மண்ணிலே பிறக்கும் குழந்தை, பிறந்த ஒரே காரணத்தால் அந்நாட்டின் குடி என்று நூறாண்டுக்கு மேலாக நடந்துவந்த முறைக்கு வேலி போடுகிற உத்தரவு அது. தாய் அனுமதியின்றி நாட்டிலே தங்கியிருப்பவள், அல்லது தற்காலிக அனுமதியில் வந்தவள். தந்தையோ குடிமகனுமல்ல, நிலையாகக் குடியிருக்கும் உரிமை பெற்றவனுமல்ல. அப்படியானால் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றது. வேலை விசாவில் கடல் கடந்து போயிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் வீட்டுத் தொட்டிலையும் தொட்டது அந்த உத்தரவு. கீழ்க் கோர்ட்டுகள் அதை நிறுத்தி வைத்தன. 2025 சூன் 27-இல் சுப்ரீம் கோர்ட், ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுமைக்கும் தடை போடலாமா என்பதைப் பற்றி மட்டும் தீர்ப்புச் சொல்லி, பிறப்புரிமைக் கேள்வியைத் தொடாமல் ஒதுங்கிக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில்தான் அந்தக் கேள்வியையே விசாரிப்பதாக ஒப்புக்கொண்டது.

இந்த வழக்குகளில் இரு தரப்பு வக்கீல்களும், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் மடிந்த ஒரு மனிதரின் பெயரை எடுத்துப் பேசினார்கள். டிரெட் ஸ்காட்! அரசுத் தரப்பும் அவர் பெயரைச் சொன்னது, எதிர்த்தரப்பும் சொன்னது.

யார் அந்த டிரெட் ஸ்காட்? அமைச்சரா? படைத் தளபதியா? பட்டம் பெற்ற அறிஞரா? தம் பெயரை எழுதத் தெரியாதவர். மனுவின் அடியிலே பெருக்கல் குறி போல் ஒரு கீறல் போட்டவர். நம் ஊர் வழக்கில் சொன்னால், கைநாட்டு. சட்டக் கல்லூரி மாணவர்கள் அவரை ஒரு வழக்கின் தலைப்பாக மனப்பாடம் செய்கிறார்கள். அவர் ஓர் உழைப்பாளி, ஒருத்திக்குக் கணவர், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன் என்பதைப் பாடப் புத்தகம் அவ்வளவாகச் சொல்வதில்லை. நாம் அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

வர்ஜீனியா மாநிலத்தில், ஏறக்குறைய 1799-ஆம் ஆண்டு பிறந்தார். ஏறக்குறைய என்றுதான் சொல்ல முடியும். அடிமையின் பிறந்த நாளை யார் குறித்து வைத்தார்கள்? பீட்டர் பிளோ என்ற பண்ணைக்காரரின் உடைமை அவர். எஜமான் 1818-இல் அலபாமாவுக்குப் போனார், அடிமையும் போனார். அங்கே விவசாயம் கைகொடுக்கவில்லை. 1830-இல் எஜமான் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயி நகருக்குப் போய்த் தங்கும் விடுதி வைத்தார். அடிமையும் கூடவே போனார். வண்டியிலே ஏற்றிய கட்டில், கலயம், மாடு, ஆள். அவ்வளவுதான் கணக்கு.

செயின்ட் லூயியில் அவர் கைமாறினார். வாங்கியவர் டாக்டர் ஜான் எமர்சன், இராணுவ மருத்துவர். வழக்கின் விதை இங்கேதான் விழுந்தது. இராணுவ மருத்துவருக்கு ஊர் ஊராக மாற்றல் வரும். 1833-இல் எமர்சன் இல்லினாய் மாநிலத்து ஆர்ம்ஸ்ட்ராங் கோட்டைக்குப் போனார். டிரெட்டையும் அழைத்துப் போனார். இல்லினாய், அடிமை முறையைத் தடை செய்த மாநிலம். 1836-இல் அதற்கும் வடக்கே, மிசிசிப்பி ஆற்றின் தலைப்பக்கம் இருந்த ஸ்னெல்லிங் கோட்டைக்கு மாற்றல். இன்று மினசோட்டா என்று சொல்லப்படும் பகுதி அது. அங்கேயும் அடிமை முறை கூடாது என்று 1820-ஆம் ஆண்டின் மிசூரி உடன்பாட்டுச் சட்டம் சொல்லியிருந்தது. சட்டம் புத்தகத்திலே இருந்தது. டிரெட் எஜமானின் சமையற்கட்டிலே இருந்தார்.

அந்தக் கோட்டையிலேதான் ஹாரியட் ராபின்சன் என்ற இளம்பெண்ணை மணந்தார். அவளும் அடிமை. அவளை வைத்திருந்த அரசு அதிகாரி, நீதி பரிபாலனம் செய்யும் பொறுப்பும் உள்ளவர்; அவரே முன்னின்று திருமணத்தைப் பதிவு முறைப்படி நடத்தி வைத்தார். தென்மாநிலங்களில் அடிமைக்குச் சட்டப்படி திருமணம் கிடையாது. மாட்டுக்கு ஏது தாலி என்ற கதைதான். அப்படியிருக்க, சட்டப்படி மணம் முடித்து வைத்தாயிற்று என்றால் மணமக்கள் சுதந்திர மனிதர்கள் என்று பொருளாகாதா? அந்தக் கேள்வியை அப்போது யாரும் கேட்கவில்லை.

டாக்டர் தெற்கே மாற்றலாகிப் போனபோது, இவர்களைக் கோட்டையிலேயே விட்டு, வாடகைக்கு அமர்த்திவிட்டுப் போனார். உழைப்பு இவர்களுடையது, கூலி அவருடையது. லூசியானாவிலே அவர் ஐரீன் சான்போர்டு என்ற பெண்ணை மணந்துகொண்டு, வரும்படி ஆள் அனுப்பினார். இருவரும் ஆற்று வழியே போனார்கள். 1838-இல் மறுபடி வடக்கே திரும்பும்போது, மிசிசிப்பி ஆற்றில் ஓடிக்கொண்டிருந்த நீராவிப் படகிலே ஹாரியட்டுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எலைசா என்று பெயரிட்டார்கள். படகு அப்போது அடிமை முறை கூடாத வடபகுதியில் இருந்தது. பிறந்த இடம் பற்றிய வழக்கு நம் காலத்தில் எழுந்ததே, அந்த வழக்கின் முன்னோடிக் குழந்தை நட்டாற்றிலே பிறந்தாள்! பிறகு லிசி என்று இன்னொரு பெண்.

1843-இல் டாக்டர் இறந்தார். விதவை ஐரீன் எமர்சன், இந்தக் குடும்பத்தைச் செயின்ட் லூயியில் வீடு வீடாக வாடகைக்கு விட்டு வருமானம் பார்த்தார். விலை கொடுத்து விடுதலை பெற்றுக்கொள்கிறேன் என்று டிரெட் கேட்டுப் பார்த்தார். அம்மையார் மறுத்துவிட்டார்.

1846 ஏப்ரல் 6. செயின்ட் லூயி கோர்ட்டில் இரண்டு மனுக்கள். ஒன்று டிரெட், மற்றொன்று ஹாரியட். ஹாரியட்டின் மனுவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மறக்கக் கூடாது. அந்நாளையச் சட்டப்படி பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. தாய் அடிமையென்றால் பிள்ளை அடிமை. தாய் சுதந்திரமானவள் என்றால் பிள்ளையும் சுதந்திரமானது. எலைசாவுக்கு வயது ஏழு. இன்னும் சில ஆண்டில் அவளையும் விலை பேச ஆள் வருவான். அந்தத் தாயின் வயிற்றிலே எரிந்த நெருப்பை நினைத்துப் பாருங்கள்! வழக்குக்கு அதுதான் முதல் காரணம் என்று நான் கருதுகிறேன்.

மனுவில் கோரிய நஷ்டஈடு பத்து டாலர். அது ஒரு சட்டச் சடங்கு. அடிமை, நான் அடிமையல்ல என்று நேராக வழக்கிட முடியாது. என்னை அடித்தார்கள், அடைத்து வைத்தார்கள் என்று பிராது கொடுக்க வேண்டும். எஜமான், அவன் என் அடிமை, அடிக்க உரிமையுண்டு என்று பதில் சொல்லுவான். அப்போது அடிமையா இல்லையா என்ற விவகாரம் தானே விசாரணைக்கு வரும்.

சட்டம் இவர்கள் பக்கம் இருந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மிசூரி மேல் கோர்ட்டே 1824-இலிருந்து, சுதந்திர மண்ணில் குடியிருந்த அடிமை திரும்பி வந்தாலும் சுதந்திர மனிதர்தான் என்று தீர்ப்புச் சொல்லி வந்தது. 1836-இல் ரேச்சல் என்ற அடிமைப் பெண், இதே ஸ்னெல்லிங் கோட்டைக்கு ஓர் இராணுவ அதிகாரியால் அழைத்துச் செல்லப்பட்டவள், வழக்காடி வென்றிருந்தாள். அச்சு அசலாக அதே வழக்கு. ஆகவே டிரெட் ஏதோ நடக்காததைக் கேட்டார் என்று எண்ண வேண்டாம். நடந்துகொண்டிருந்ததைத்தான் கேட்டார்.

1847-இல் விசாரணை வந்தது. கடைக்காரர் ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறி, எமர்சன் அம்மையாரிடமிருந்து இந்த அடிமைகளை வாடகைக்கு எடுத்தேன் என்றார். குறுக்கு விசாரணையில், பேசி முடித்தது தம் மனைவி என்றும், தாம் பணம் மட்டும் கொடுத்ததாகவும் ஒப்புக்கொண்டார். ஆக, அம்மையார் இவர்களை அடிமையாக வைத்திருந்தார் என்பதற்கு நேரடிச் சாட்சி இல்லை! வழக்கு தோற்றது. வேடிக்கையைப் பாருங்கள் தோழர்களே: எமர்சன் அம்மையாரின் அடிமைதான் இவர் என்று மெய்ப்பிக்கவில்லை என்று சொல்லி, அதே எமர்சன் அம்மையாரிடமே இவரை அடிமையாகத் திருப்பி அனுப்பியது கோர்ட்!

மறு விசாரணை கேட்டார்கள். கிடைத்தது. பிறகு வாய்தா, வாய்தா, மேலும் வாய்தா. 1849-இல் செயின்ட் லூயியைப் பெருந்தீ எரித்தது. அதே ஆண்டு காலரா வாரிக்கொண்டு போனது. இதற்கிடையே 1848-இலிருந்து, வழக்கு முடியும் வரை அந்தக் குடும்பத்தை ஷெரீப் தம் பொறுப்பில் வைத்து, கூலிக்கு விட்டு, கூலியைத் தாமே பெற்றுப் பூட்டி வைக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஜெயித்தால் கூலி இவர்களுக்கு, தோற்றால் எஜமானிக்கு. ஒன்பது ஆண்டு உழைப்பு, கண்ணாலே பார்க்காத கூலி. மில்லிலே நின்றவர்களுக்கும் மூட்டை சுமந்தவர்களுக்கும் அது என்ன வேதனை என்று நான் விளக்க வேண்டியதில்லை.

1850 சனவரியில் ஜூரிகள், டிரெட் ஸ்காட் சுதந்திர மனிதர் என்று சொன்னார்கள். ஆனால் எதிர்த்தரப்பு அப்பீல் செய்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1852-இல், மிசூரி மேல் கோர்ட்டின் மூன்று நீதிபதிகளில் இருவர் அந்த விடுதலையைப் பறித்தார்கள். தங்கள் கோர்ட்டே 28 ஆண்டாகச் சொல்லி வந்த தீர்ப்புகளைத் தாங்களே குப்பைக் கூடையில் போட்டார்கள். காரணம்? காலம் மாறிவிட்டதாம், வடக்கத்தியர் அடிமை முறைக்கு எதிராகக் கிளம்பிவிட்டார்களாம், இனி விட்டுக்கொடுக்க முடியாதாம். சட்டத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. நீதிபதிகளின் மனம் மாறிற்று. தலைமை நீதிபதி கேம்பிள் மட்டும், தாமே அடிமைகளை வைத்திருந்தவர், பழைய தீர்ப்புகளே சரியென்று தனியே நின்று எழுதினார்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பழைய எஜமான் பீட்டர் பிளோவின் மக்கள் கொடுத்தார்கள். டிரெட் தோளிலே தூக்கி வளர்த்த பிள்ளைகள். அவர்களிலே டெய்லர் பிளோ கடைசி வரை கைவிடவில்லை. அந்த நன்மையை மறைக்க வேண்டியதில்லை. ஆளை விற்ற குடும்பமும் அதுதான் என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

இனி மாநிலக் கோர்ட்டில் வழியில்லை. ரோஸ்வெல் பீல்டு என்ற வக்கீல் கூலி வாங்காமல் வழக்கை மத்தியக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார். விதவை அம்மையார் அதற்குள் வடக்கே மாசசூசெட்ஸ் போய், கால்வின் சாபி என்ற டாக்டரை மறுமணம் செய்துகொண்டிருந்தார். அவருடைய அண்ணன் ஜான் சான்போர்டு, நியூயார்க்வாசி, பிரதிவாதியானார். ஒரு மாநிலத்துக் குடி மற்றொரு மாநிலத்துக் குடியின் மேல் வழக்கிட்டால் மத்தியக் கோர்ட் விசாரிக்கலாம் என்பது அந்நாட்டு அரசியல் சட்டம். டிரெட் மிசூரிக் குடி, சான்போர்டு நியூயார்க் குடி. ஆகவே விசாரிக்கலாம். ஆனால் டிரெட் ஒரு குடியா? இந்த ஒற்றைச் சொல்லில்தான் கண்ணி வைத்தார்கள். 1854-இல் கீழே தோற்று, வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. கோர்ட் குமாஸ்தா சான்போர்டின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதிவிட்டார். பிழையோடேயே வரலாற்றில் நின்றுவிட்டது.

நீதிபதிகள் ஒன்பது பேர். ஐவர் அடிமை மாநிலத்தார். பிரதம நீதிபதி ரோஜர் டானி, எண்பதை நெருங்கிய கிழவர், மேரிலாந்துக்காரர். இளம் வக்கீலாக இருந்தபோது அடிமை முறை நாட்டுக்கே கறை என்று கோர்ட்டில் வாதாடியவர். தமக்கு வந்த அடிமைகளை விடுதலை செய்தவர். அப்படிப்பட்டவரா இந்தத் தீர்ப்பை எழுதினார் என்று கேட்கத் தோன்றும். ஆம், அவரேதான். தன் வீட்டு அடிமையை இரக்கத்தால் விடுவிப்பது வேறு. அடிமைக்கு உரிமையுண்டு என்று ஒப்புக்கொள்வது வேறு. முன்னதைச் செய்கிற பெரிய மனிதர்களை எல்லா நாட்டிலும் பார்க்கலாம்.

1856-இல் இரண்டு முறை வாதம் நடந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் ஜேம்ஸ் புகானன் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவியேற்குமுன்னே நீதிபதி கேட்ரனுக்குக் கடிதம் எழுதி வழக்கின் போக்கை விசாரித்தார். பென்சில்வேனியாவிலிருந்து வந்த நீதிபதி கிரியர் தென்னாட்டாரோடு சேர்ந்துகொள்ளவும் தூண்டினார். பிறகு 1857 மார்ச் 4-இல் பதவியேற்பு உரையில், கோர்ட் என்ன சொன்னாலும் மகிழ்ச்சியோடு கட்டுப்படுவேன் என்று நாட்டுக்கு வாக்களித்தார். விடை தெரிந்த பரீட்சை!

மார்ச் 6. கேபிடல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கோர்ட் அறையில், டானி இரண்டு மணி நேரம் தீர்ப்பை வாசித்தார். ஏழு பேர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். அடிமையாக வந்த கறுப்பரின் வழித்தோன்றல், அடிமையாயினும் விடுதலை பெற்றவராயினும், அமெரிக்கக் குடியாக முடியாது; ஆகவே டிரெட் ஸ்காட் மத்தியக் கோர்ட்டின் கதவைத் தட்டவே தகுதியற்றவர் என்பது முதல் முடிவு. அதோடு நிறுத்தியிருக்கலாம். தகுதியற்றவர் என்ற பின் வழக்கே இல்லை. ஆனால் நிறுத்தவில்லை. புதிய பிரதேசங்களில் அடிமை முறையைத் தடை செய்ய, காங்கிரசுக்கு அதிகாரம் இல்லை என்றார். (அந்நாட்டுப் பாராளுமன்றத்துக்குப் பெயர் காங்கிரஸ், நம் நாட்டுக் கட்சியை நினைத்துக் குழம்ப வேண்டாம்.) அடிமை ஒரு சொத்து, சொத்தை முறையான சட்ட நடவடிக்கையின்றிப் பறிக்கக் கூடாது, ஆகவே 1820-ஆம் ஆண்டின் சட்டம் செல்லாது என்றார். மனிதனின் சுதந்திரத்தைக் காக்க எழுதிய பிரிவை, மனிதனைச் சொத்தாக வைத்திருப்பவனின் காவலுக்கு நிறுத்தினார்! காங்கிரஸ் செய்த சட்டத்தைச் சுப்ரீம் கோர்ட் செல்லாதென்று சொன்னது, 1803-க்குப் பிறகு அதுவே முதல் தடவை.

எதிர்த்து எழுதியவர்கள் மெக்லீன், கர்ட்டிஸ். இவர்களில் கர்ட்டிஸ் எழுதியது டானியின் அடித்தளத்தையே பெயர்த்தது. அரசியல் சட்டத்தை உண்டாக்கிய காலத்திலேயே ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பர்கள் வாக்குரிமை பெற்றிருந்தார்கள் என்று கணக்குக் காட்டினார். ஓட்டுப் போட்டுச் சட்டத்தை உண்டாக்கியவர்களிலே அவர்களும் இருந்தார்கள். அவர்களை அந்தச் சட்டத்துக்கு அந்நியர் என்பது எப்படி? பதில் வரவில்லை. அவ்வாண்டே கர்ட்டிஸ் பதவியைத் துறந்து வெளியேறினார்.

தீர்ப்பு வந்ததும் மாசசூசெட்ஸில் ஒரு நாடகம். அம்மையாரின் இரண்டாம் கணவர் சாபி, அடிமை முறையை எதிர்க்கும் காங்கிரஸ் உறுப்பினர்! மேடையிலே விடுதலை முழக்கம், வீட்டிலே நாட்டின் புகழ்பெற்ற அடிமை. பத்திரிகைகள் சிரித்தன. தமக்குத் தெரியாது என்றார். மிசூரியில் குடியிருப்பவர்தான் அங்குள்ள அடிமையை விடுவிக்கலாம் என்பதால், அவர்கள் குடும்பத்தை டெய்லர் பிளோவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் ஷெரீப் பூட்டி வைத்திருந்த கூலியை மட்டும் அம்மையார் கேட்டார். கொள்கை ஒரு பக்கம், கூலிக் கணக்கு மறுபக்கம்.

1857 மே 26. வழக்குத் தொடுத்த அதே செயின்ட் லூயி கோர்ட்டில், டெய்லர் பிளோ பத்திரம் எழுதி, டிரெட், ஹாரியட், எலைசா, லிசி நால்வரையும் விடுவித்தார். அதே மாதம் சான்போர்டு நியூயார்க்கில் மனநோய் விடுதியில் இறந்திருந்தார்.

விடுதலை பெற்ற டிரெட், பார்னம் ஓட்டலில் போர்ட்டர் வேலை பார்த்தார். ஹாரியட் துணி வெளுத்தார். வந்த கூலி அவர்கள் கைக்கே வந்தது. பதினாறு மாதம்கூட நிறையவில்லை. 1858 செப்டம்பர் 17-இல் காசநோய் டிரெட்டைக் கொண்டுபோய்விட்டது. சட்டத்தின் முன் அவர் சாகும்போதும் குடிமகனல்ல.

தீர்ப்பு அடிமைப் பிரச்சினையை முடித்து வைக்கும் என்று நம்பினார்கள் டானியும் புகானனும். எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆயிற்று. லிங்கன் ஊர் ஊராக அந்தத் தீர்ப்பைக் கிழித்தார். 1860-இல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1861-இல் உள்நாட்டுப் போர். 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. 1868-இல் பதினான்காவது திருத்தம் வந்தது: அந்நாட்டில் பிறந்து, அந்நாட்டு ஆட்சி வரம்புக்கு உட்பட்ட எவரும் அந்நாட்டின் குடி. டிரெட் ஸ்காட் தீர்ப்பின் தலையில் வைத்த கல் அது.

இன்றைய வாதம் அந்தக் கல்லின் அளவைப் பற்றியது. அடிமைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் நீதி செய்யவே அந்தப் பிரிவு வந்தது, தற்காலிகமாக வந்தவர் பிள்ளைகளுக்காக அல்ல என்பது டிரம்ப் அரசின் வாதம். அப்படியானால் அடிமைகளின் பிள்ளைகள் என்றே எழுதியிருக்கலாமே! எவரும் என்று ஏன் எழுதினார்கள்? 1866-இல் செனட் சபையில் இதே கேள்வி எழுந்தது. சீனர்களின் பிள்ளைகளும் குடியாகிவிடுவார்களே என்று கோவன் என்ற உறுப்பினர் ஆட்சேபித்தார். கலிபோர்னியாவின் கான்னஸ், ஆம், ஆகட்டும் என்று எழுந்து சொன்னார். தெரிந்தே செய்தார்கள். 1898-இல் சுப்ரீம் கோர்ட்டும் அப்படியே கொண்டது. சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்ற சமையற்காரரை, சீனா போய்த் திரும்பியபோது இறங்கவிடாமல் தடுத்தார்கள். அவர் வழக்காடினார், ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றார். வெளிநாட்டுத் தூதரின் பிள்ளை, படையெடுத்து வந்த பகைவரின் பிள்ளை, அந்நாளில் தனி ஆட்சியாகக் கருதப்பட்ட செவ்விந்தியக் குலத்தார் என்று சில விலக்குகளை மட்டும் கோர்ட் சொன்னது. தாயின் அனுமதிச் சீட்டை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

ஹாரியட் 1876 வரை வாழ்ந்தார். கணவரின் வழக்குப் பிறப்பித்த திருத்தத்தின் கீழ் எட்டு ஆண்டு குடிமகளாக இருந்தார். டிரெட்டை முதலில் புதைத்த இடுகாடு கைவிடப்பட்டபோது, டெய்லர் பிளோ 1867-இல் உடலை எடுத்துப் போய்ச் செயின்ட் லூயியின் கால்வரி கல்லறைத் தோட்டத்தில் அடக்கினார். தொண்ணூறு ஆண்டு அந்தக் குழிக்குப் பெயர்க்கல் இல்லை. 1957-இல், தீர்ப்பு வந்து நூறாண்டு ஆனபோது, பிளோ குடும்பத்துப் பேத்தி ஒருவர் கல் நாட்டினார். அங்கே வருகிறவர்கள் லிங்கன் தலை பொறித்த ஒரு செண்டுக் காசைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போவது வழக்கமாகியிருக்கிறது.